பல்லைச் செதுக்கும் முன் கேளுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 18 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் பேச முடியாது என்பதால், வருபவர்கள் எல்லாச் சந்தேகங்களையும் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள்தான் மாறுகிறார்கள். கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பொதுவான விளக்கம் இது. உங்கள் வாய்க்குள் பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும்.

பல்லைச் சுத்தம் செய்தால் தேய்ந்துபோய் ஆட ஆரம்பித்துவிடும் என்கிறார்களே?

பல்லைச் சுரண்டுகிற கருவி அல்ல அது. சுத்தம் செய்யும் ஸ்கேலிங் கருவியின் முனை நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்ந்து, பல்லில் ஒட்டியிருக்கும் காரையை உதிர்க்கிறது. சரியாகத் துலக்காமல் விட்ட அழுக்குப் படலம் எச்சிலில் உள்ள கால்சியத்தை வாங்கிக் கல்லாக இறுகியதுதான் காரை. அதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது.

அப்படியானால் ஏன் ஆடுகிறது? பல ஆண்டுக் காரை ஈறுக்குள் இறங்கும்போது பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிடுகிறது. பல் அப்போதே ஆட்டம் கண்டிருக்கும். பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் காரை அதை ஒட்டிப் பிடித்திருப்பதால் உங்களுக்குத் தெரியாது. காரையை எடுத்ததும் உண்மை வெளியே வருகிறது, பழி எங்கள் மேல் விழுகிறது. பல்லிடுக்கில் இடைவெளி தெரிவதும், சில நாள் கூச்சம் இருப்பதும் இதே காரணத்தால்தான். கீழே சொல்லப்போகும் எந்த அழகுச் சிகிச்சைக்கும் இதுவே முதல் படி. இரத்தம் வடியும் ஈறுக்குப் பக்கத்தில் விலையுயர்ந்த வெனீர் (முன்பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டுவது, ஒழுகும் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது.

என் பல் பிறவியிலேயே மஞ்சள். வெள்ளையாக்க முடியுமா?

முடியும். ஆனால் மஞ்சள் என்பது நோயல்ல. மேலே இருக்கும் எனாமல் ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயதாக ஆக எனாமல் தேய்வதால் அந்த நிறம் கூடுதலாகத் தெரியும். கோரைப்பல் மற்ற முன்பற்களைவிடச் சற்று மஞ்சளாக இருப்பதும் இயற்கைதான். பல பேருக்குச் சுத்தம் செய்து தேநீர், வெற்றிலைக் கறையை நீக்கியதுமே மனம் நிறைந்துவிடுகிறது. அதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

இன்னும் வேண்டும் என்றால் பிளீச்சிங். ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது அதைச் சிறிது சிறிதாக வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு இதில் வேலை செய்கிறது. உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஊற்றி, வீட்டிலேயே இரவுகளில் இரண்டு வாரம் போட்டுக்கொள்வது ஒரு முறை. ஈறை மூடிப் பாதுகாத்து, வீரியம் கூடிய மருந்தை மருத்துவமனையில் வைப்பது இன்னொரு முறை. முதல் வழி மெதுவானது. கூச்சம் குறைவு, செலவும் குறைவு. என் ஓட்டு அதற்குத்தான். பளபளப்பு நிரந்தரமல்ல, சில ஆண்டுகளில் மங்கும். கருவுற்றிருப்பவர்கள் பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: பிளீச்சிங் இயற்கைப் பல்லைத்தான் வெளுப்பாக்கும். கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), அடைப்பு, வெனீர் எதுவும் நிறம் மாறாது.

எலுமிச்சை, உப்பு, அடுப்புக்கரி, செங்கல் பொடி என்று நம் பாட்டி வைத்தியமே போதாதா?

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) சுமார் 2. அந்த அளவு 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்குகிறது. தேய்த்தவுடன் பல் வெளுத்தது போலத் தோன்றுவது எனாமலின் மேற்பரப்பு அரிக்கப்படுவதால்தான். கரியும் செங்கல் பொடியும் கறையோடு எனாமலையும் சேர்த்து ராவிவிடும். கடைசியில் டென்டின் வெளியே தெரிந்து, தொடங்கியபோது இருந்ததைவிடப் பல் மஞ்சளாகும். எனாமலில் உயிருள்ள செல்கள் கிடையாது. போனால் வளராது. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதை மட்டும்தான்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதை மறுக்கவில்லை. மென்று நாராக்கிய வேப்பங்குச்சியை மெதுவாகப் பயன்படுத்தினால் கெடுதல் இல்லை. பொடிகள் வேறு விஷயம். புகையிலை கலந்த பற்பொடி, பற்பசைகளுக்கு 1992-இலேயே நாட்டில் தடை வந்தது. ஆனாலும் புகையிலையைச் சுட்டுப் பொடித்துப் பல் துலக்கும் முதியவர்களை இன்றும் பார்க்கிறேன்.

போர் தண்ணீர் குடித்து வளர்ந்ததால் முன்பல்லில் காவிக் கறை. எத்தனை முறை துலக்கினாலும் போகவில்லையே?

போகாது, ஏனென்றால் அது பல்லின் மேல் படிந்ததல்ல, பல்லோடு பிறந்தது. ஈறுக்குள் முன்பற்களின் எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதுவரை, குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமல் சரியாக முற்றாமல் நுண்துளைகளோடு முளைக்கிறது. முதலில் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும் திட்டுகள், பிறகு நிறத்தை உறிஞ்சிக் காவியாகின்றன. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 வரை ஏற்கலாம். எங்கள் பகுதியில் பாறைக்கு அடியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இந்த அளவைத் தாண்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தச் சிக்கலுக்காகத்தான். பெண் பார்க்க வருபவர்கள் பல்லைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிகிச்சை கறையின் ஆழத்தைப் பொறுத்தது. மேலோட்டமான கறைக்கு, மென்மையான அமிலமும் பொடியும் கலந்த பசையால் எனாமலை மயிரிழை அளவு மட்டும் தேய்த்தெடுக்கும் முறை இருக்கிறது. அதோடு பிளீச்சிங்கும் சேர்த்தால் பெரும்பாலும் போதும். வெள்ளைத் திட்டுகளின் துளைகளுக்குள் நீர் போன்ற பிசினை ஊறவைத்து இறுக்குவது இன்னொரு வழி. குழிகள் விழுந்திருந்தால் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் பசையால் நிரப்பலாம். இவை எதற்கும் அசைந்து கொடுக்காத ஆழமான கறைக்குத்தான் வெனீர்.

ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. அதனால் ஒட்டும் முன் அமிலத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். இதைத் தவறவிட்டால் ஒட்டியது சில மாதங்களில் பெயர்ந்துவிடும். வேறு ஊரில் செய்துகொண்டு, பெயர்ந்துபோய் வருபவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

அப்படியென்றால் எங்கள் வீட்டில் ஃபுளோரைடு பேஸ்ட்டே வாங்கக் கூடாதா?

வாங்கலாம். பெரியவர்களுக்குப் பல் உருவாகி முடிந்துவிட்டது. துப்பிவிடும் பேஸ்ட்டால் கறை வராது, சொத்தையைத் தடுக்கும். சிறு குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள் என்பதால் மூன்று வயதுவரை அரிசி மணி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் போதும். விளம்பரத்தில் வருவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். குடிநீரை மாற்றுவதே முதல் வேலை.

விழுந்ததில் முன்பல் நுனி உடைந்துவிட்டது. பிடுங்கிவிட வேண்டியதுதானா?

வேண்டாம், வேண்டாம். நரம்பு வெளியே தெரியாவிட்டால் காம்போசிட் போதும். எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று மைக்கேல் பூனோகோர் என்ற அமெரிக்க மருத்துவர் 1955-இல் காட்டியதுதான் இன்றைய ஒட்டு முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பல் நிறப் பசையை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியால் இறுக்குவோம். ஒரே நாளில் முடியும், பல்லைச் செதுக்குவது அநேகமாக இல்லை. சில ஆண்டுகளில் மெருகேற்றவோ மாற்றவோ நேரிடும். உடைந்த துண்டு கிடைத்தால் நீரில் போட்டு எடுத்து வாருங்கள், அதையே ஒட்ட முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு.

நிரந்தரப் பல் முழுசாகவே கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்தெடுத்து, பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஓடி வாருங்கள். அரை மணிக்குள் என்றால் இன்னும் நல்லது. துணியில் மடித்துக் காயவைத்துக் கொண்டு வருகிறார்கள், வேரின் மேலிருக்கும் செல்கள் இறந்துவிடுகின்றன.

நடிகர்கள் போடும் வெனீர் என்பது என்ன? அது எனக்கு ஒத்துவருமா?

முன்பல்லின் வெளிப்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. 1920-களின் இறுதியில் சார்லஸ் பின்கஸ் என்ற கலிபோர்னிய மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் ஒட்டி எடுக்கும் தகடுகளைச் செய்தார். அப்போது அது ஒப்பனைப் பொருள். நிரந்தரமாக ஒட்ட முடிந்தது பூனோகோருக்குப் பிறகுதான்.

பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர்வரை எனாமலைச் செதுக்குவோம். சிறிதுதான், ஆனால் திரும்பாது. வெனீர் உடைந்தாலோ காலம் முடிந்தாலோ இன்னொன்று வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்தப் பல் வெனீர்ப் பல்தான். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் முதலில் அதற்குரிய காப்புத் தட்டைப் போட வேண்டும். இருபது வயதில், சொத்தையோ கறையோ இல்லாத பல்லோடு, நடிகரின் படத்தைக் கைபேசியில் காட்டி வருபவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். வருமானம் போகிறதே என்று என் உதவியாளர் பெருமூச்சு விடுவார்.

தெற்றுப்பல்லுக்கு இரண்டு வருடம் கம்பி போட முடியாது. கேப் போட்டே வரிசையாக்கிவிடலாமா?

செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல பல்லை நாற்புறமும் செதுக்கி, சில நேரம் நரம்பையும் எடுத்துவிட்டு, மேலே கேப் மாட்டிப் புதிய வரிசை காட்டுவார்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டுப் பொறுமைக்குப் பதிலாக ஆயுள் முழுக்கப் பராமரிப்பை வாங்கிக்கொள்கிறீர்கள். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் நாற்பது வயதிலும் கம்பி போடலாம். வெளியே தெரியாத அலைனர் தட்டுகளும் உண்டு. எளிய கோணலுக்கு நன்றாக வேலை செய்கின்றன, நாளுக்கு 20 மணி நேரமாவது அணிய வேண்டும். எதைப் போட்டாலும் முடிந்தபின் பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிடெய்னரைக் கைவிட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும்.

வேர் சிகிச்சை செய்த பல்லுக்குக் கேப் கட்டாயமா, பணம் பிடுங்கும் வேலையா?

கடைவாய்ப்பல் என்றால் பெரும்பாலும் கட்டாயம். சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து உட்புறம் நிறையக் காலியாகியிருக்கும். மெல்லும் விசையில் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முன்பல்லில் சிறு துளை மட்டும் போட்டிருந்தால் காம்போசிட் அடைப்பே போதும். அந்த முன்பல் கறுத்துவிட்டால்கூட உடனே கேப்புக்குத் தாவ வேண்டாம். உள்ளிருந்தே பிளீச்சிங் மருந்து வைத்து வெளுக்கச் செய்யும் முறை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

கேப்பில் ஜிர்கோனியாதான் உயர்ந்தது என்கிறார்கள். உண்மையா?

உறுதியான வெண்ணிறப் பீங்கான் வகை அது, உலோகம் தெரியாது. பழைய வகை, உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றியது. ஈறு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியும், ஆனாலும் கடைவாயில் பல ஆண்டுகள் உழைக்கிறது. எதுவானாலும் கேப்பின் ஓரம் பல்லோடு பொருந்துகிறதா என்பதே ஆயுளை நிர்ணயிக்கிறது. கேப்பில் சொத்தை வராது, ஓரத்துக்கு அடியில் இருக்கும் உங்கள் பல்லில் வரும். 'பதினைந்து வருட வாரன்டி' அட்டை பொருளுக்குத்தான், பல்லுக்கு அல்ல.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று மாமியார் சொல்கிறார்.

போகாது. மேல்தாடைப் பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. நாற்பது வயதில் பல்லும் போகத் தொடங்கும், வெள்ளெழுத்தும் வரும். இரண்டையும் ஊரார் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சீழ் வைத்த மேல் பல்லைப் பயந்து விட்டுவைப்பதுதான் ஆபத்து, வீக்கம் கண்வரை ஏறலாம்.

கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். வெளியே தெரியாது. அப்படியே விட்டுவிடலாமா?

அது எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. நடுவில் இருப்பது என்றால், பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் வெற்றிடத்தைப் பார்த்து நீண்டு இறங்கும், உணவு சிக்கும். ஓராண்டு, இரண்டாண்டு கழித்து வருபவர்களுக்குப் பல் வைக்க இடமே இருப்பதில்லை. கடைசிப் பல் என்றால், மெல்லுவதில் குறையில்லாதபோது விட்டுவிடலாம். ஞானப்பல் போன இடத்தில் எதுவும் வைக்கவே வேண்டாம். எல்லா ஓட்டையையும் அடைத்துத்தான் ஆக வேண்டும் என்ற விதி இல்லை.

பிரிட்ஜ், இம்பிளான்ட், கழற்றி மாட்டும் பல் இவற்றில் எது?

பிரிட்ஜுக்கு இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கித் தூணாக்க வேண்டும். அவை ஏற்கெனவே பெரிய அடைப்போடு, கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால் பிரிட்ஜ் நியாயமான தேர்வு. இரண்டும் தொடப்படாத நல்ல பற்கள் என்றால் எனக்குக் கை வருவதில்லை, இம்பிளான்டைத்தான், அதாவது தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியம் திருகைத்தான் சொல்வேன். டைட்டானியம் எலும்போடு பிணைந்துவிடும் என்பதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானெமார்க் முயல் எலும்பில் கண்டார். 1965-இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். திருகு எலும்பில் பிணையப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்குப் பிறகே மேலே பல் வைப்பது வழக்கம். தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு வைப்பதில்லை.

கழற்றி மாட்டும் பல் மலிவு. பக்கத்துப் பல்லைப் பெரும்பாலும் செதுக்குவதில்லை. இப்போதைக்குப் பணமில்லை என்றால் வெட்கப்படாமல் இதைப் போட்டுக்கொண்டு, பின்னால் மாறலாம். பிரிட்ஜிலிருந்து அப்படித் திரும்பி வர முடியாது.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இம்பிளான்ட் நிற்குமா?

கட்டுக்குள் இருந்தால் நிற்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. பரிசோதனைச் சீட்டைக் கொண்டு வரச் சொல்வேன். எண் கூடுதலாக இருந்தால் முதலில் அதைக் குறைப்போம். சர்க்கரையைவிடப் புகைப்பது பெரிய எதிரி. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் மறக்காமல் சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். இம்பிளான்டில் சொத்தை வராது என்றாலும், அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் முதல் பதிலில் சொன்னபடியே காரையால் கெடும்.

அம்மாவின் பல்செட் ஆடுகிறது. புதிதாகச் செய்தும் சரியாகவில்லை.

பல் போன எலும்பு ஆண்டுதோறும் கரைகிறது, பல்செட் மாறுவதில்லை. உட்புறத்துக்குப் புதிய பூச்சுக் கொடுத்து இறுக்கலாம். கீழ்த்தாடையில் எலும்பு மிகக் குறைந்திருந்தால் இரண்டு இம்பிளான்ட் வைத்து அதன்மேல் பொத்தான் போல் மாட்டலாம், சோறு மென்று சாப்பிடும் நிம்மதி வேறு. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். பேஸ்ட் கீறல் விழச்செய்யும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

ஈறு கறுப்பாக இருக்கிறது. இளஞ்சிவப்பாக்க முடியுமா?

லேசரிலோ கத்தியிலோ மேல்தோலை நீக்கலாம்; மெலனின் சில ஆண்டுகளில் திரும்பவும் வரலாம். நம் தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் இது, நோயல்ல. கறுத்த ஈறும் ஆரோக்கியமான ஈறே. புதிதாகத் தோன்றிய திட்டு, ஆறாத புண், பாக்கு போடுபவருக்கு வாய் திறப்பது குறைவது, இவற்றுக்குத்தான் உடனே வர வேண்டும்.

இன்னும் பத்து நாளில் முகூர்த்தம். என்ன செய்ய முடியும்?

சுத்தம், மெருகு, தேவையானால் மென்மையான பிளீச்சிங். காம்போசிட் ஒட்ட வேண்டியிருந்தால் பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பல்லுக்குள் தங்கும் ஆக்சிஜன் பிசினைப் பிடிக்க விடாது. பத்து நாளில் இரண்டும் முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்திரிகை அடிக்கும்போதே வந்திருந்தால் என்னிடம் இன்னும் நல்ல பதில் இருந்திருக்கும்.

பஸ் நிலையத்துக்கு அருகில் ஒருவர் ஒரே நாளில் பிக்ஸ் பல் கட்டுகிறார். போகலாமா?

பக்கத்துப் பற்களைக் கம்பியால் பிணைத்து அக்ரிலிக் மாவை அப்படியே வாய்க்குள் இறுக்கிவிடும் வேலை அது. கழற்றவும் முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. நான் அறுத்து எடுத்தபோது, ஒரு பல்லுக்காக மூன்று நல்ல பற்கள் போயிருந்தவர்கள் உண்டு. பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கையில் பணம் இல்லை என்றால் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கும், சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகளுக்கும் போகலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் பிடிக்கும், வேலை ஒழுங்காக இருக்கும்.

எட்டு பல்லுக்கு வெனீர் என்று பேசி முன்பணம் கட்டிவிட்டேன். இப்போது தயக்கமாக இருக்கிறது.

இன்னும் செதுக்கவில்லை என்றால் எதுவும் கைமீறவில்லை. அச்செடுத்து, மெழுகில் புதிய வடிவத்தைச் செய்து, அதைத் தற்காலிகப் பிசினாக உங்கள் பல்லின் மேல் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல்லைத் தொடாமலே செய்யலாம். அதோடு பேசிப் பாருங்கள், 'ஃப', 'வ' சொல்லும்போது உதடு தட்டுகிறதா என்று கவனியுங்கள், வீட்டாரிடம் காட்டுங்கள். பிறகு மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்தப் பல்லில் எவ்வளவு செதுக்கப்படும், பிளீச்சிங்கும் காம்போசிட்டும் ஏன் போதாது, ஒன்று உடைந்தால் யார் செலவு.

எட்டில் ஆறு போதும், அல்லது இரண்டே போதும் என்று பேச்சு மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதில் சொல்லச் சலித்துக்கொள்ளும் இடத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். திரும்பக் கிடைக்காவிட்டாலும் போகட்டும், பணத்தைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம்.